முறிவைக் கண்டதோடு நின்றுவிடும் கண்

எலும்பு உடைந்திருக்கிறதா, இல்லையா? கை வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவரும் தாயும் தகப்பனும் முதலில் கேட்பது இதைத்தான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பவரும் முதலில் தேடுவது இதைத்தான். முறிவு கண்ணில் பட்டதும் இரு தரப்புக்கும் ஒரு நிம்மதி. என்ன ஆயிற்று என்று தெரிந்துவிட்டது. இனி மாவுக்கட்டுப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். குழந்தைகளின் முன்கையில் ஏற்படும் ஒரு வகைக் காயத்தில் இந்த நிம்மதிதான் வினை. ஓர் எலும்பு உடைந்திருப்பது படத்தில் பளிச்சென்று தெரியும். பக்கத்து எலும்பின் தலை முழங்கை மூட்டைவிட்டு நழுவிக் கிடப்பதும் பெரும்பாலும் அதே படத்தில்தான் இருக்கும். முறிவைக் கண்ட கண் அதற்குமேல் போவதில்லை.

எலும்பு மருத்துவர்கள் இதை மான்டேஜியா காயம் என்பார்கள். அடிக்கடி வருவதல்ல, குழந்தைகளின் முன்கை முறிவுகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் மிகுதி. அரிதாக வருவதே இதன் ஆபத்தைக் கூட்டுகிறது. நாள்தோறும் கைமுறிவுகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கூட இதை எப்போதாவதுதான் பார்ப்பார். பார்க்காததைத் தேடத் தோன்றாது.

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். அல்னா முழங்கையில் மேற்கை எலும்பைக் கவ்வி நிற்கிறது. மடக்கலாம், நீட்டலாம், சுழற்ற முடியாது. ரேடியஸ் அல்னாவைச் சுற்றிச் சுழலும். உள்ளங்கையை ஏந்தவும் கவிழ்க்கவும் முடிவது அதனால்தான். ரேடியஸின் மேல்முனையில் வட்டமான சிறு தலை ஒன்று உண்டு. அது மேற்கை எலும்பின் அடிக்குமிழில் உட்கார்ந்திருக்கிறது. வளையத் தசைநார் ஒன்று அதை அல்னாவோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. நடுவில் இரண்டு எலும்புகளுக்கும் இடையே உறுதியான சவ்வு. கீழே மணிக்கட்டிலும் இரண்டும் பிணைந்தவையே. குறுக்குக் கட்டைகளால் இறுக்கிய மூங்கில் ஏணியின் இரண்டு கால்களில் ஒன்று மட்டும் ஒடிந்து மடங்கினால், ஒடியாத கால் தன் இடத்திலேயே நிற்க முடியாது. எங்காவது ஒரு முனையில் பிணைப்பை அறுத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். அல்னா ஒடிந்து வளையும்போது ரேடியஸுக்கு நேர்வது அதுதான். அதன் தலை வளையத் தசைநாரை விட்டு முன்னாலோ பக்கவாட்டிலோ பின்னாலோ நழுவிவிடுகிறது. முன்னால் நழுவுவதே குழந்தைகளில் அதிகம்.

விழும்போது பிள்ளை கையை ஊன்றுகிறது; ஊன்றிய கை தரையில் நிலைத்திருக்க, உடல் அதன்மேல் திரும்பிக்கொண்டே விழுகிறது; முன்கை அளவுக்குமீறி உள்பக்கம் முறுக்கப்படுகிறது. 1949இல் பிரிட்டிஷ் மருத்துவர் எவான்ஸ் இறந்தவர்களின் கைகளை இப்படி முறுக்கிப் பார்த்து, அல்னா ஒடிவதையும் ரேடியஸ் தலை முன்னால் வருவதையும் காட்டினார். முறுக்கல்ல, முழங்கை பின்னோக்கி வளைவதும் மேற்கைத் தசை ரேடியஸை இழுப்பதுமே காரணம் என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். மரத்திலிருந்து விழும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டில் அக்கறை இராது. எப்படி விழுந்தாலும் கையை ஊன்றித்தான் விழும்.

இந்தக் காயத்தை 1814இல் எழுதிவைத்த ஜியோவன்னி பத்திஸ்தா மான்டேஜியா இத்தாலியின் மிலான் நகரத்து அறுவை மருத்துவர். ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். ஆகவே மான்டேஜியாவிடம் இருந்தது கண்ணும் விரலும் மட்டும். அவர் எழுதியதும் வெற்றிக் கதை இல்லை. ஒரு பெண்ணுக்கு அல்னாவின் மேல்பகுதி ஒடிந்திருப்பதாக நினைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்துக் கையை நீட்டினால் ரேடியஸின் தலை வெளியே துருத்திக்கொண்டு வருகிறது. மறுபடி கட்டியும் நிற்கவில்லை. அதை வருத்தத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார். தவறவிட்ட ஒரு காயத்துக்கே தவறவிட்டவரின் பெயர் நின்றுவிட்டது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு நேர்மையான பெயர்சூட்டல் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. உருகுவே நாட்டின் ஹோசே லூயிஸ் பாடோ இதை நான்கு வகையாகப் பிரித்து 1967இல் எழுதிய கட்டுரைதான் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. தலை முன்னால் போனால் முதல் வகை, பின்னால் போனால் இரண்டு, பக்கவாட்டில் போனால் மூன்று, இரண்டு எலும்புகளும் ஒடிந்து தலையும் நழுவினால் நான்கு. தேர்வில் மதிப்பெண் வாங்க உதவும் பகுப்பு இது. சிகிச்சையைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் காயம் நம் ஊர்ப்பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க மீன்சுருட்டிக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டியதும் வரும் ஊர். திருச்சியிலிருந்து சிதம்பரத்துக்கு ஓடும் சாலையும் விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கு ஓடும் சாலையும் இங்கே குறுக்கிடுகின்றன. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமெல்லாம் முந்திரித் தோப்புகள். முந்திரி தாழக் கிளைபரப்பும் மரம். ஏறுவது சுலபம், விழுவதும் சுலபம். பங்குனி, சித்திரையில் பழம் பழுக்கிறது. அதையொட்டியே முழுப்பரீட்சை விடுமுறையும் வருகிறது. எந்த ஊர் எலும்பு மருத்துவரைக் கேட்டாலும் பிள்ளைகளின் கைமுறிவு எந்த மாதத்தில் கூடும் என்று சொல்லிவிடுவார்.

நாற்சந்தி ஊர் என்பதால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்கு திசையிலும் போகலாம். மேற்கே ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனை. அதைத் தாண்டினால் 2022 ஜனவரியில் தமிழ்நாட்டின் பதினொரு புதிய கல்லூரிகளுள் ஒன்றாகத் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி. கிழக்கே காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம். தெற்கே அணைக்கரையைக் கடந்தால் கும்பகோணம், அதற்கப்பால் தஞ்சாவூர். வடக்கே சேத்தியாத்தோப்பு, நெய்வேலி. ஒரு தலைமுறைக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. ஆனால் இந்தக் காயத்தைப் பொறுத்தவரை வசதியே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. முதல் படம் ஓர் ஊரில், கட்டு இன்னோர் ஊரில், கட்டைப் பிரிப்பது மூன்றாவது ஊரில் என்று ஆகிவிடுகிறது. படத்தை எடுத்தவர் கட்டைப் பார்ப்பதில்லை; கட்டியவர் அடுத்த வாரப் படத்தைப் பார்ப்பதில்லை. மஞ்சள் பையில் சுருட்டிவைத்த பழைய படம் வீட்டுப் பரணில் இருக்கும்.

படத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பது மிக எளிது. ரேடியஸின் நடுவழியாக நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தால், அது மேற்கை எலும்பின் அடிக்குமிழின் நடுவில் போய்த் தைக்க வேண்டும். நேராக எடுத்த படத்திலும் பக்கவாட்டில் எடுத்த படத்திலும், கை எந்தக் கோணத்தில் மடங்கியிருந்தாலும் அப்படித்தான். கோடு குமிழைத் தவறவிட்டால் தலை நழுவியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஓர் அளவுகோலும் பென்சிலும் போதும். படம் கைப்பேசியில் வந்தால் ஒரு தாளின் விளிம்பு போதும். குழந்தையின் எலும்பில் பாதி இன்னும் குருத்தாக இருப்பதால் மட்டுமே இதில் கொஞ்சம் கவனம் தேவை. அடிக்குமிழில் எலும்புப் புள்ளி ஏறத்தாழ ஒரு வயதில் தோன்றிவிடும். ரேடியஸின் தலை நான்கு வயதையொட்டித்தான் படத்தில் தெரியத் தொடங்கும். மூன்று வயதுப் பிள்ளையின் படத்தில் தலையைத் தேடினால் கிடைக்காது. கழுத்தையும் தண்டையும் வைத்துத்தான் கோடு இழுக்க வேண்டும். மிகச் சிறு பிள்ளைகளில் கோடு நடுவைவிட்டுச் சற்று விலகுவதும் உண்டு. சந்தேகமிருந்தால் மறு கையையும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

இவ்வளவு எளிதான ஒன்று ஏன் தவறுகிறது? முதல் காரணம், படத்தில் முழங்கையே இல்லாமல் போவது. வீக்கம் முன்கையின் நடுவில் இருந்தால் நடுப்பகுதியை மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உடைந்த எலும்புக்கு மேலே ஒரு மூட்டும் கீழே ஒரு மூட்டும் படத்துக்குள் வர வேண்டும் என்பது பழைய பாடம். கூட்ட நேரத்தில் அது மறந்துபோகும். இன்னொரு காரணம் நுட்பமானது. குழந்தையின் எலும்பு எப்போதும் படீரென்று ஒடிவதில்லை. ஒரு பக்கம் மட்டும் கிழிந்து மறுபக்கம் வளையலாம். முறிவுக் கோடு கூட விழாமல் முழு எலும்பும் வில்லாக வளைந்து நின்றுவிடலாம். அப்போது முறிவு என்று எதுவும் தெரியாது, ‘லேசான சுளுக்கு’ என்று பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். பக்கவாட்டுப் படத்தில் அல்னாவின் பின்விளிம்பு நேராக இருக்க வேண்டும். அதன்மேல் அளவுகோலை வைத்து ஒரு மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி தெரிந்தால் அந்த எலும்பு வளைந்திருக்கிறது. 1994இல் லிங்கன், முபாரக் இருவரும் இதை எழுதியபோது சொன்னது இன்னும் முக்கியம். அடிபட்டுத் தலை மட்டும் தனியாக நழுவியது என்று அதுவரை சொல்லப்பட்ட பல காயங்கள், வளைவு கண்ணுக்குத் தப்பிய மான்டேஜியா காயங்களே.

இங்கே கட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கட்டுரை பாதி பொய்யாகிவிடும். மீன்சுருட்டி வட்டாரம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதிலும் கை ஒடிந்த பிள்ளை மருத்துவமனைக்குப் போகும் முன்போ போய்வந்த பின்போ நாட்டுக் கட்டுக்குப் போவது வழக்கம். இந்தக் கட்டுக்குப் பேர்போன ஆந்திரப் புத்தூரின் பெயர் மாநில எல்லையைத் தாண்டி நம் ஊர்ப் பலகைகளிலெல்லாம் ஏறியிருக்கிறது. மூங்கில் தப்பை, பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, துணி. இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்குகிறவர்கள், அந்த வைத்தியத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. சிறு பிள்ளையின் முன்கை முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை யார் கட்டினாலும் சேரும். கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் பிள்ளை வளர வளர எலும்பு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். ‘சின்னப்புள்ள எலும்பு, தானா சேந்துரும்’ என்று பாட்டி சொல்வது அனுபவ உண்மை. எலும்பு மருத்துவரும் அதே இயற்கையை நம்பித்தான் பல பிள்ளைகளுக்கு வெறும் மாவுக்கட்டுப் போடுகிறார்.

மான்டேஜியா காயம் அந்த உண்மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அல்னா சேர்ந்துவிடும், கோணலும் காலத்தில் ஓரளவு நிமிரும். நழுவிய மூட்டு தானாகத் திரும்பி வராது. தன் குமிழில் உட்காராத ரேடியஸ் தலை வளர்ச்சியில் உருக்குலைந்து, குழிவு போய் உருண்டையாகிறது. எதிரில் தடுக்க ஆளில்லாததால் எலும்பு நீளமாகவும் வளர்ந்துவிடும். அல்னா சேர்ந்ததும் கட்டியவர் வெற்றி என்கிறார். பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். பிள்ளையும் வலியில்லாமல் விளையாடுகிறது. வைத்தியத்தின் தோல்வி வைத்தியருக்குத் திரும்பி வந்து சேருவதே இல்லை. மருத்துவமனையில் தவறவிடப்பட்ட காயத்துக்கும் இதே கதைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலகெங்கும் பெரிய மருத்துவமனைகளிலேயே இது தவறிப்போகிறது.

கட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் தனியாக. தப்பைக் கட்டோ மாவுக்கட்டோ, அடிபட்ட கை வீங்கும்போது இறுகிக்கொண்டே போகும் கட்டு உள்ளே இருக்கும் தசைக்கு ரத்தம் போவதை நிறுத்திவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881இல் விவரித்த தசைச் சுருக்கம் இப்படி வருவது. ஆறு மணி நேரத்தைக் கடந்தால் தசை மீளாமல் செத்துவிடலாம். விரல்கள் கொக்கியாக மடங்கியபடியே ஆயுள் முழுக்க இருக்கும். விரலை மெல்ல நீட்டிவிட்டால் பிள்ளை அலறுகிறதா, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா, காரணமில்லாமல் முரண்டு பிடிக்கிறதா என்று பார்த்து, அப்படியென்றால் நள்ளிரவானாலும் கட்டை முழுதாகப் பிரித்துவிட வேண்டும். கட்டை அவிழ்த்ததால் யாருக்கும் கை போனதில்லை.

நழுவிய தலைக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. விரல்களையும் கட்டைவிரலையும் நிமிர்த்தும் தசைகளுக்கு உரியது. பத்தில் ஒரு பிள்ளைக்காவது அது நசுங்கியோ இழுபட்டோ வேலைநிறுத்தம் செய்யும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டச் சொன்னால் முடியாது. சிகிச்சைக்கு முன்பே இதைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுவைக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் முடக்கம் அறுவை செய்தவர் தலையில் விழும். மூட்டு இடத்துக்கு வந்ததும் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் நரம்பு விழித்துக்கொள்ளும். அவசரப்பட்டு அதற்கென்று கத்தி எடுப்பதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். நழுவியிருப்பது ரேடியஸ், மருத்துவர் சரிசெய்வது அல்னாவை. இதுதான் குழந்தைகளின் மான்டேஜியா சிகிச்சையின் மையம். அல்னா தன் பழைய நீளத்துக்கும் நேருக்கும் வந்துவிட்டால், ரேடியஸின் தலை பெரும்பாலும் யாரும் தொடாமலே தன் குமிழில் போய் உட்கார்ந்துவிடும். கிழிந்த வளையத் தசைநாரும் தானே ஆறிக்கொள்ளும். ஆகவே கேள்வி தலை எந்தத் திசையில் போனது என்பதல்ல. அல்னா எப்படி ஒடிந்திருக்கிறது, நிமிர்த்தி வைத்தால் நிற்குமா என்பதே. 1990களில் அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் ரிங்கும் பீட்டர் வாட்டர்ஸும் இந்த அடிப்படையில் ஒரு வழிமுறையை வகுத்தார்கள். அல்னா வளைந்தோ ஒரு பக்கம் மட்டும் கிழிந்தோ இருந்தால் மயக்கம் கொடுத்து நிமிர்த்தி மாவுக்கட்டு போதும். குறுக்காகவோ சற்றே சரிவாகவோ முழுதாக ஒடிந்திருந்தால் எலும்பின் உள்ளே கம்பி. நீளச் சரிவாகவோ பல துண்டாகவோ ஒடிந்திருந்தால் கம்பியைச் சுற்றி எலும்பு சறுக்கிக் குட்டையாகிவிடும் என்பதால் பிளேட்டும் திருகாணியும்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. முழுதாக ஒடிந்த அல்னாவையும் முதலில் மாவுக்கட்டில் வைத்துப் பார்க்கலாம், விலகினால் அப்போது அறுவை செய்யலாம் என்போர் உண்டு. அமெரிக்காவின் சான் டியாகோ மருத்துவர்கள் 2017இல் தங்கள் நோயாளிகளை வைத்து, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கத்தி தேவைப்படவில்லை என்று காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த இன்னோர் ஆய்வு வேறு பக்கம் சாய்ந்தது. பல மருத்துவமனைகள் சேர்ந்து 112 பிள்ளைகளை ஆராய்ந்தன. வழிமுறை சொன்னதைவிடக் குறைவான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மூட்டோ எலும்போ மறுபடி விலகியிருந்தது. வழிமுறைப்படி சிகிச்சை பெற்றவர்களில் அப்படி ஆகவில்லை.

இரண்டு ஆய்வுகளையும் மீன்சுருட்டியில் வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். சான் டியாகோ வழி நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் மூன்று வாரம் வாராவாரம் படம் எடுத்து, கோடு குமிழில் தைக்கிறதா என்று அதே மருத்துவர் பார்க்க வேண்டும். விலகியது தெரிந்த அன்றே அறுவைக் கூடம் கிடைக்க வேண்டும். முந்திரித் தோப்பிலும் செங்கல் சூளையிலும் நாள்கூலிக்குப் போகும் வீட்டில், வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு பேருந்து ஏறி அரியலூர் போய், வரிசையில் நின்று, படம் எடுத்துத் திரும்புவது என்ன விலை என்று அந்த ஆய்வுக்குத் தெரியாது. இரண்டாம் வாரம் ‘வலியே இல்லையே’ என்று போகாமல் இருந்துவிட்டால் யாரையும் குறைசொல்ல முடியாது. மூட்டு நழுவுவது வலிக்காமலே நடக்கும். என் கருத்து இதுதான்: பின்தொடர்ந்து பார்ப்பது உறுதியில்லாத இடத்தில், முழுதாக ஒடிந்த அல்னாவுக்கு மாவுக்கட்டு மட்டும் என்பது சிக்கனமான வைத்தியம் ஆகாது. அங்கே கம்பி வைப்பதுதான் மென்மையான வழி. கிராமத்துப் பிள்ளைக்கு அறுவை ‘கூடுதல்’ என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தக் காயத்தில் அதைத் தலைகீழாக்க வேண்டும். வளைந்த எலும்பு, ஒரு பக்கக் கிழிசல் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு எங்கேயானாலும் மாவுக்கட்டே. அங்கும் படம் எடுக்காமல் விட முடியாது.

செலவு பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை செய்யப்படுகிறது; முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் மட்டும் சாலை விபத்துக்கானது. மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு அது கிடையாது. முந்திரி மரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பிள்ளையின் எலும்பு வேறுபாடு பார்ப்பதில்லை, ஆனால் அரசாணை பார்க்கிறது.

அறுவைக்கு முன் ஒரு சின்னச் செய்தி. அழுகிற பிள்ளைக்கு வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பது எல்லாப் பெற்றோரும் செய்வது. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கம் கொடுக்க ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும்; பால் கலந்த டீயும் அந்தக் கணக்கில்தான் வரும். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போதும். முறிந்த கையோடு புறப்படும்போது தண்ணீரோடு நிறுத்திக்கொண்டால் பாதி நாள் மிச்சம்.

அறுவைக் கூடத்தில் பிள்ளை மயங்கியதும் கையை இழுத்து, அல்னாவை நிமிர்த்தி, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். கம்பி என்றால் முழங்கையின் பின்முனையிலிருந்து எலும்பின் உள்குழாய்க்குள் இறங்கும். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் போதும். வளைந்து கொடுக்கும் டைட்டானியக் கம்பிகளைப் பிள்ளைகளின் எலும்புக்குப் பழக்கியது பிரான்ஸின் நான்சி நகரத்து மருத்துவர்கள், 1980களையொட்டி. அது இல்லாத இடத்தில் சாதாரணக் கிர்ஷ்னர் கம்பியே வேலையை முடித்துவிடும். இந்தக் காயத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அல்னா நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதுதான் தேவை. பிறகு கையை மடக்கி, நீட்டி, சுழற்றி, ஒவ்வொரு நிலையிலும் கோடு குமிழில் தைக்கிறதா என்று திரையில் பார்க்க வேண்டும்.

தைக்கவில்லை என்றால்? அனுபவமில்லாதவர் உடனே முழங்கையைத் திறக்கப் பார்ப்பார். அனுபவமுள்ளவர் மறுபடி அல்னாவைப் பார்ப்பார். பெரும்பாலும் குற்றம் அங்கேதான். சற்றே வளைந்தோ குட்டையாகவோ பொருத்தியிருப்பார்கள். அல்னா உண்மையிலேயே நேராக இருந்தும் தலை உட்காரவில்லை என்றால், கிழிந்த வளையத் தசைநார் மூட்டுக்குள் மடிந்து வழியை அடைத்திருக்கலாம். அப்போது மட்டும் திறந்து அதை விலக்கி, தலையை உள்ளே விட்டு, தசைநாரைத் தைக்க வேண்டும். தலை நழுவாமலிருக்க மேற்கை எலும்பிலிருந்து மூட்டைக் குறுக்கே துளைத்து ரேடியஸில் கம்பி ஏற்றுவது முன்பு வழக்கம். கம்பி மூட்டுக்குள் ஒடிந்து மாட்டிக்கொண்ட கதைகள் பல உண்டு. இன்று பெரும்பாலோர் அதை விரும்புவதில்லை.

அறுவை முடிந்தபின், முன்னால் நழுவிய வகையில் முழங்கையைச் செங்கோணத்தைவிடச் சற்று அதிகமாக மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்க மாவுக்கட்டு. மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம். கட்டுப் பிரித்த அன்று முழங்கை விறைப்பாக இருக்கும். இந்த இடத்தில்தான் நம் ஊரின் இன்னொரு பழக்கம் குறுக்கே வருகிறது. எண்ணெய் போட்டு உருவிவிடுவது, மடக்கி நீட்டிவிட ஆள் வைப்பது. முழங்கைக்கு இது ஆகாது. அடிபட்ட தசையைப் பிசையப் பிசைய அதற்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். பிறகு மூட்டு இறுகிப்போகும். உருவிவிட்டுத்தான் கை விறைத்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள், உருவியது போதவில்லை என்றே நினைப்பார்கள். பிள்ளையைத் தானாக விளையாட விட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் கை பெரும்பாலும் முழுதாகத் திரும்பிவிடும். வெளியே நீட்டிய கம்பியை ஆறு வாரத்தையொட்டியும், உள்ளே புதைத்ததை எலும்பு நன்றாகச் சேர்ந்தபின் சில மாதங்கள் கழித்தும் எடுத்துவிடலாம்.

தவறவிட்ட காயம் ஆறுமாதமோ மூன்று வருடமோ கழித்து வந்தால் கதை முற்றிலும் வேறு. முழங்கையின் முன்புறம் ஒரு மேடு, முழுதாக மடக்க முடியாமை, சில பிள்ளைகளுக்கு வலி, வெளிப்பக்கமாகத் திரும்பும் கை. பதின்பருவம் வரை ஒன்றும் சொல்லாத பிள்ளைகளும் உண்டு. இங்கே அல்னாவைத் திரும்ப வெட்டி, நீட்டி, எதிர்ப்பக்கம் வளைத்துப் பொருத்த வேண்டும். அந்த வளைவுதான் தலையை உள்ளே தள்ளி வைக்கிறது. பிரிட்டனின் பெல் டாஸ் 1965இல் பின்மேற்கைத் தசையின் உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் புதிய வளையத் தசைநார் செய்யும் முறையை எழுதினார். இன்றும் சிலர் அதைச் சேர்த்துச் செய்கிறார்கள், அல்னா சரியானால் அது வேண்டாம் என்போரும் இருக்கிறார்கள். வெளியே சட்டம் பொருத்தி அல்னாவை நாள்தோறும் கொஞ்சங்கொஞ்சமாக நீட்டி, முழங்கையைத் திறக்காமலே தலையை உள்ளே கொண்டுவருவதும் ஒரு வழி. 2009இல் ஜப்பானிய மருத்துவர்கள் தங்கள் பழைய நோயாளிகளைப் பல ஆண்டுகளுக்குப்பின் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, பன்னிரண்டு வயதுக்குள் அல்லது காயம்பட்ட மூன்று ஆண்டுக்குள் அறுவை செய்துகொண்டவர்களுக்கே நல்ல பலன் நின்றிருந்தது.

அந்த எல்லையைக் கடந்து, தலை உருண்டு, வலியில்லாமல் பதினான்கு வயதில் வரும் பிள்ளையை என்ன செய்வது? நல்ல மருத்துவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. அறுவைக்குப் பின் முன்பிருந்த சுழற்சியையும் இழந்தவர்கள் உண்டு. வலியில்லாத கையைத் தொடாமல், வருடந்தோறும் மடக்கும் அளவையும் சுழலும் அளவையும் குறித்துவைத்து, வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பது பெரும்பாலும் சரி. தொல்லை கொடுக்கும் தலையை வெட்டி எடுப்பதானாலும் எலும்பு வளர்ந்து முடிந்த பிறகுதான். முன்னதாக எடுத்தால் ரேடியஸ் மேலேறி மணிக்கட்டு கெட்டுவிடும். இந்தக் காலங்கடந்த அறுவைகளை ஆண்டுக்கு ஒன்று செய்யும் இடத்தில் செய்யக் கூடாது. புதிதாக ஒடிந்த அல்னாவுக்குக் கம்பி வைப்பது அரியலூரிலோ தஞ்சாவூரிலோ முடிகிற வேலை. மூன்று வருடப் பழைய நழுவலுக்கு, பிள்ளைகளின் எலும்பை மட்டுமே பார்க்கும் மருத்துவர் இருக்கும் வேலூர், சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களுக்குத்தான் போக வேண்டும். போகும்போது பரணிலிருக்கும் அந்த முதல் படத்தையும் எடுத்துப்போனால், அன்றைக்கே கோடு எங்கே தைத்தது என்று பார்த்துவிடலாம்.